ஆப் எஞ்சினில் ஒரே டொமைனின் கீழ் மூன்று சேவைகள்: கோரிக்கை எங்கே வழி மாறுகிறது?

கேள்வி: சொல்வயல்

வணக்கம். தமிழ்க் கலைச்சொற்களைத் தேடிப் பார்ப்பதற்கான சிறிய வலைச்செயலி ஒன்றைக் வலைச்செயலிகளை இயக்கித் தரும் கூகுள் ஆப் எஞ்சினின் ஸ்டாண்டர்ட் சூழலில் நிறுவியிருக்கிறேன். அதில் மூன்று சேவைகள் உள்ளன. டிஃபால்ட் என்னும் முதன்மைச் சேவை, ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய முகப்பை நிலையான கோப்புகளாக வழங்குகிறது. தேடல் என்னும் சேவை பைத்தானில் ஃபிளாஸ்க் என்னும் வலைச் சட்டகம் கொண்டு எழுதப்பட்டது. முகப்பு கேட்கும் சொற்களுக்கு ஜேசன் என்னும் தரவு வடிவில் விடை தருகிறது. தொகுப்பு என்னும் சேவையும் ஃபிளாஸ்க்தான். பதிப்பாசிரியர்கள் அதில் உள்நுழைந்து சொற்களைத் திருத்துகிறார்கள். சேவைப் பெயர்களும் பாதைகளும் கோப்பில் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே தமிழில் எழுதுகிறேன். தேடப்படும் சொல் மட்டும் முகவரியிலும் தமிழ் எழுத்திலேயே வருகிறது.

ஒவ்வொரு சேவையையும் அதற்கென ஆப் எஞ்சின் தன் ஆப்ஸ்பாட் டொமைனில் தரும் தனி முகவரியில் திறந்தால் ஒழுங்காக இயங்குகிறது. எங்கள் சொந்த டொமைனை இணைத்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. அந்த டொமைனில் /தேடல்/சொல்/அணு என்று கேட்டபோது ஜேசனுக்குப் பதிலாக முகப்பின் ஹெச்டிஎம்எல் பக்கம் வெற்றியைக் குறிக்கும் 200 என்ற நிலைக்குறியுடன் வந்தது. முகப்பு அதைப் பிரித்துப் படிக்க முடியாமல் முதல் எழுத்திலேயே பிழை காட்டியது. எந்த முகவரி எந்தச் சேவைக்கு என்று சொல்லும் டிஸ்பாட்ச்.யாம்ல் கோப்பில் விதிகள் எழுத வேண்டும் என்று அறிந்து, /தேடல்/ என்று தொடங்குபவை தேடல் சேவைக்கும் /தொகுப்பு/ என்று தொடங்குபவை தொகுப்பு சேவைக்கும் போகும்படி எழுதினேன். இப்போது முகப்பு வருவதில்லை. ஆனால் ஃபிளாஸ்க்கின் 404 ('பக்கம் இல்லை') பக்கம் வருகிறது. அதே சேவையின் தனி முகவரியில் /சொல்/அணு இன்றும் சரியாக விடை தருகிறது.

இவற்றோடு இன்னும் இரண்டு குழப்பங்கள். கடைசிச் சாய்கோடு இல்லாமல் /தொகுப்பு என்று தட்டினால் முகப்பே வருகிறது. அடுத்து, சில சொற்கள், குறிப்பாக 'கொடை' போன்றவை, தரவுத்தளத்தில் இருந்தும் சிலருடைய கணினியிலிருந்து கேட்டால் மட்டும் கிடைப்பதில்லை. இது ரூட்டிங் (கோரிக்கையை உரிய இடத்துக்கு அனுப்புவது) தொடர்பானதா, வேறா என்று தெரியவில்லை. விதிகளை மாற்றி மாற்றி முயல்வதைவிட, ஒரு முகவரி உள்ளே நுழைந்ததும் யார் யார் அதைப் படிக்கிறார்கள் என்று முழுமையாகப் புரிந்துகொள்ளவே விரும்புகிறேன்.

---

மறுமொழி: மேகத்தச்சன்

வணக்கம் சொல்வயல். நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கு விடை தெரிந்தால் உங்கள் முதல் மூன்று சிக்கல்களும் ஒன்றாக அவிழும். ஆப் எஞ்சினில் ஒரு கோரிக்கை நான்கு கைகள் மாறுகிறது. முகவரியின் டொமைன் பகுதியாகிய ஹோஸ்ட் பெயரைப் பார்ப்பவர் ஒருவர். டிஸ்பாட்ச் விதிகளைப் பார்ப்பவர் ஒருவர். கோரிக்கை சேர்ந்த சேவையின் ஆப்.யாம்ல் என்ற அமைப்புக் கோப்பில் உள்ள ஹேண்ட்லர்களை, அதாவது எந்தப் பாதைக்கு என்ன கொடுப்பது என்ற வரிகளைப் பார்ப்பவர் ஒருவர். கடைசியில் உங்கள் ஃபிளாஸ்க் நிரல். இவர்களில் யாரும் பாதையைத் திருத்தி எழுதுவதில்லை, முன்னவர் என்ன முடிவு செய்தார் என்பதை அடுத்தவரிடம் சொல்வதுமில்லை.

முதலில் ஹோஸ்ட் பெயர். ஆப்ஸ்பாட் முகவரியில் சேவையின் பெயர், அதன் பின் 'டாட்' என்ற சொல் இருபுறமும் சிறுகோட்டோடு, பிறகு திட்டத்தின் பெயர் என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். உண்மையான புள்ளிக்குப் பதிலாக இந்தச் சொல்லை வைத்ததற்குக் காரணம் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ்: நட்சத்திரக் குறியிட்ட சான்றிதழ் ஒரே ஒரு நிலை சப்டொமைனை மட்டுமே காக்கும், அதனால் சேவை, பதிப்பு, திட்டம் மூன்றையும் ஒரே துண்டுக்குள் அடைக்க வேண்டியிருந்தது. டிஎன்எஸ் விதிப்படி அந்தத் துண்டு 63 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. தானாக இடப்படும் பதிப்புப் பெயர் நாளும் நேரமும் சேர்ந்து 15 எழுத்து, இரண்டு 'டாட்' சேர்க்கைகள் 10 எழுத்து, திட்டப் பெயர் அதிக அளவாகிய 30 எழுத்து என்று வைத்தால் சேவையின் பெயருக்கு மிஞ்சுவது 8 எழுத்துதான். பதிப்புகளைத் தனியே திறந்து சோதிக்க நினைப்பவர்கள் சேவைக்குச் சுருக்கமாகப் பெயரிடுவது நல்லது.

இந்த இடத்தில் பலரும் ஏமாறும் ஒன்று உண்டு. ஆப்ஸ்பாட் முகவரியில் சேவையின் பெயரைத் தவறாகத் தட்டினால் பிழை வராது. இல்லாத சேவைக்கான கோரிக்கையை ஆப் எஞ்சின் அமைதியாக முதன்மைச் சேவைக்கு அனுப்பிவிடும். எனவே ஆப்ஸ்பாட் முகவரியில் ஏதோ ஒரு பக்கம் வந்தது என்பதை வைத்து, சரியான சேவைதான் விடை தந்தது என்று முடிவு செய்யாதீர்கள். சொந்த டொமைனில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஹோஸ்ட் பெயர் பொருந்தாவிட்டால் 404 வரும்.

சொந்த டொமைனின் ஹோஸ்ட் பெயரில் சேவையின் பெயர் எங்கும் இல்லை. ஆகவே டிஸ்பாட்ச் விதி எதுவும் பொருந்தாத கோரிக்கை முழுவதும் டிஃபால்ட் சேவைக்கே போகும். உங்கள் டிஃபால்ட் சேவையின் ஆப்.யாம்லில், வேறு எதற்கும் பொருந்தாத எல்லா முகவரிக்கும் முகப்புக் கோப்பைக் கொடு என்ற கடைசி ஹேண்ட்லர் நிச்சயம் இருக்கும். உலாவியிலேயே பக்கங்களை மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் முகப்புக்கு அது தேவையும்கூட, இல்லாவிட்டால் பயனர் உட்பக்கத்தில் புதுப்பித்தவுடன் 404 வரும். அந்த ஹேண்ட்லர்தான் உங்கள் ஜேசன் கோரிக்கைக்கும் 200 என்று சொல்லி ஹெச்டிஎம்எல் கொடுத்தது. ஜேசன் வரவேண்டிய இடத்தில் கோண அடைப்புக்குறியைக் கண்டு நிரல் திணறுகிறது என்றால், கோரிக்கை வேறு சேவையைச் சேர்ந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

டிஸ்பாட்ச் விதி எழுதிய பின் கோரிக்கை சரியான சேவைக்குப் போகிறது. ஆனால் /தேடல்/சொல்/அணு என்ற முழுப் பாதையும் அப்படியே போகிறது. என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலைச் சர்வர்களில் முன்னொட்டைக் கழற்றிவிட்டு அனுப்பும் வசதி உண்டு. அதைப் பழகியவர்கள் இங்கும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். டிஸ்பாட்ச் கோப்பில் அந்த வசதி இல்லை. உங்கள் ஃபிளாஸ்க் நிரல் /சொல்/ என்று தொடங்குவதை மட்டுமே அறியும். /தேடல்/சொல்/ என்பதை அது பார்த்ததே இல்லை. அந்த 404 உங்கள் நிரலிலிருந்தே வருகிறது. நிரலில் உள்ள ஒவ்வொரு ரூட்டின் (நிரல் விடை தரும் பாதை வடிவம்) முன்னும் /தேடல் என்று சேர்த்தால் முடிந்தது. ரூட்டுகளை ஒரு தொகுதியாக்கும் ப்ளூபிரிண்ட் பயன்படுத்தினால் அதை ஒரே இடத்தில் முன்னொட்டாகக் கொடுக்கலாம்.

சாய்கோட்டுச் சிக்கலும் இதே வகைதான். டிஸ்பாட்சில் நட்சத்திரக் குறியை ஹோஸ்ட் பெயரின் தொடக்கத்திலும் பாதையின் முடிவிலும் மட்டுமே வைக்க முடியும். /தொகுப்பு/ என்று எழுதி அதன் பின் நட்சத்திரம் வைத்தால், சாய்கோடு இல்லாத /தொகுப்பு அதில் அடங்காது; அது டிஃபால்ட்டுக்குப் போய் முகப்பாகத் திரும்பி வருகிறது. சாய்கோட்டை எடுத்துவிட்டு நட்சத்திரத்தை ஒட்டி எழுதினால் இது சரியாகும், ஆனால் நாளை முகப்பில் /தொகுப்புரை என்று ஒரு பக்கம் வைத்தால் அதையும் அந்த விதி விழுங்கிவிடும். எனவே /தொகுப்பு என்பதற்கு மட்டும் தனியாக ஒரு விதி எழுதுங்கள். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்பட்டு முதலில் பொருந்துவதே எடுத்துக்கொள்ளப்படும். மொத்தம் 20 விதிகளுக்கு மேல் எழுத முடியாது, ஒவ்வொரு முகவரி வடிவமும் 100 எழுத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு அது தாராளமாகப் போதும்.

எந்தச் சேவை விடை தந்தது என்று உறுதியாக அறிய, கூகுள் கிளவுடின் லாக் (கோரிக்கைப் பதிவு) பக்கத்தில் அந்தக் கோரிக்கையை விரித்துப் பாருங்கள். சேவையின் பெயர் அங்கே 'மாட்யூல் ஐடி' என்ற தலைப்பில் இருக்கும். சேவைகளுக்கு முன்பு மாட்யூல் என்றே பெயர். இடைமுகத்தில் பெயர் மாறிய பிறகும் லாகில் பழைய பெயர் தங்கிவிட்டது.

---

மறுமொழி: படிக்கல்

மேகத்தச்சன் சொன்ன விளக்கத்தோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். ஒரு பரிந்துரையில் மட்டும் வேறுபடுகிறேன். ப்ளூபிரிண்டுக்கு முன்னொட்டு கொடுப்பது தேடல் சேவைக்குப் போதும், ஏனெனில் அது ஜேசன் மட்டுமே தருகிறது. தொகுப்பு சேவைக்கு அது போதாது. அந்தச் சேவை தன் சொந்த சிஎஸ்எஸ், படக் கோப்புகளை ஃபிளாஸ்க்கின் ஸ்டாட்டிக் கோப்புறையிலிருந்து கொடுக்கிறது என்று கருதுகிறேன். ஃபிளாஸ்க் அவற்றுக்கு இயல்பாகத் தரும் முகவரி /ஸ்டாட்டிக்/ என்று வேரிலிருந்து தொடங்கும். ப்ளூபிரிண்டின் முன்னொட்டு அதைத் தொடாது. அந்த முகவரி டிஸ்பாட்சில் எந்த விதிக்கும் பொருந்தாமல் டிஃபால்ட் சேவைக்குப் போகும், உள்நுழைவுப் பக்கம் அலங்காரமின்றி வெறும் எழுத்தாக நிற்கும். நான் பணிசெய்த ஒரு திட்டத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. தனி முகவரியில் எல்லாம் அழகாகத் தெரிந்ததால் யாருக்கும் ரூட்டிங் மேல் ஐயமே எழவில்லை.

இதற்கு ஃபிளாஸ்க்கின் அடித்தளமான வெர்க்சியூக் நூலகத்தில் உள்ள டிஸ்பாச்சர் மிடில்வேரை, அதாவது கோரிக்கைக்கும் நிரலுக்கும் இடையே நிற்கும் அடுக்கைப் பயன்படுத்துங்கள். அது கோரிக்கையின் பாதையிலிருந்து /தொகுப்பு என்பதைப் பிரித்து, ஸ்கிரிப்ட் நேம் என்ற தனி மாறியில் வைத்துவிட்டு, மீதியை மட்டும் நிரலுக்குக் கொடுக்கிறது. ரூட்டுகளை மாற்றவே வேண்டாம். யூஆர்எல் ஃபார் செயற்கூறு முகவரி உருவாக்கும்போது அந்த மாறியைத் தானாகவே முன்னால் சேர்த்துக்கொள்கிறது. ஸ்டாட்டிக் கோப்புகளின் முகவரியும் சரியாக /தொகுப்பு/ஸ்டாட்டிக்/ என்று வரும். வார்ப்புருக்களில் முகவரிகளைக் கையால் எழுதியிருந்தால் மட்டும் அவற்றை இந்தச் செயற்கூற்றுக்கு மாற்ற வேண்டும். அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான்.

அப்ளிகேஷன் ரூட் என்ற ஃபிளாஸ்க் அமைப்பு ஒன்று இருப்பதைப் பார்த்து, அதில் முன்னொட்டை எழுதினால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது முதன்மையாகக் கோரிக்கைக்கு வெளியே முகவரி உருவாக்குவதற்கே பயன்படும். வரும் பாதையிலிருந்து எதையும் அது கழற்றாது.

மிடில்வேர் போட்ட பின் இரண்டை நினைவில் வையுங்கள். சேவையின் தனி முகவரியிலும் இனி /தொகுப்பு/ சேர்த்தே திறக்க வேண்டும். சேவையை முன்கூட்டியே தயார்ப்படுத்தும் வார்ம்அப் கோரிக்கைகளை இயக்கியிருந்தால், அவை அடிக்கோட்டில் தொடங்கும் /_ஏஹெச்/ என்ற ஒதுக்கப்பட்ட பாதையில் வரும், முன்னொட்டு இருக்காது. அதற்கு மிடில்வேரின் வேர் நிரலில் விடை சொல்ல ஒரு சிறு செயற்கூறு வையுங்கள்.

ஃபிளாஸ்க்கின் சாய்கோட்டு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரூட்டைச் சாய்கோட்டோடு முடித்து எழுதினால், சாய்கோடு இல்லாமல் வருபவரை அது சாய்கோடு உள்ள முகவரிக்குத் திருப்பி அனுப்பும். சாய்கோடு இல்லாமல் எழுதினால், சாய்கோட்டோடு வருபவருக்கு 404 கொடுக்கும். ஒரே செயலியில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

---

சொல்வயல்

இருவருக்கும் மிக்க நன்றி. லாகில் மாட்யூல் பெயரைப் பார்த்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. நான் தேடல் சேவையைச் சோதித்ததாக எண்ணிய சில கோரிக்கைகள் உண்மையில் டிஃபால்ட்டுக்குப் போயிருந்தன, ஏனெனில் ஆப்ஸ்பாட் முகவரியில் ஓர் எழுத்தை விட்டுத் தட்டியிருக்கிறேன். மிடில்வேர் இரண்டு சேவைகளிலும் போட்டுவிட்டேன். /தொகுப்பு என்பதற்குத் தனி விதி எழுதியதும் அதுவும் சரியானது.

'கொடை' மட்டும் இன்னும் நிற்கிறது. லாகில் பார்த்தால் கோரிக்கை தேடல் சேவைக்குத்தான் வருகிறது, ரூட்டும் பொருந்துகிறது, தரவுத்தளம்தான் இல்லை என்கிறது. ஒன்று கவனித்தேன்: கிடைக்கும் கோரிக்கையில் சொல்லின் பகுதி 36 எழுத்து நீளமாகவும், கிடைக்காத கோரிக்கையில் 45 எழுத்து நீளமாகவும் இருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

---

மறுமொழி: எழுத்தாணி

நீளத்தை எண்ணிச் சொன்னது நல்லதாயிற்று, விடை அதிலேயே இருக்கிறது. முகவரியில் தமிழ் எழுத்து நேரடியாகப் பயணிப்பதில்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டாகிறது. ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு இரண்டு எண்ணுருக்களாக எழுதப்படுகிறது. ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. 'கொடை' என்பது க, ஒகரக் குறி, ட, ஐகாரக் குறி என்று 4 குறியீடுகள்; 4 ஒன்பது 36. உங்களுக்குக் கிடைக்காத கோரிக்கையில் 5 குறியீடுகள் இருக்கின்றன. அங்கே ஒகரக் குறி ஒன்றாக இல்லாமல், ககரத்தின் இடப்பக்கம் நிற்கும் எகரக் கொம்பும் வலப்பக்கம் நிற்கும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வந்திருக்கின்றன.

யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளுக்கு இப்படி இரு வடிவங்கள் உண்டு. கண்ணுக்கு ஒன்று, பைட்டுகளில் வேறு. எந்த வடிவம் வரும் என்பது தட்டச்சு மென்பொருளையும், சொல்லை எங்கிருந்து நகலெடுத்தார்கள் என்பதையும் பொறுத்தது. யூனிகோடு தரப்படி இரண்டும் சமம், ஆனால் ரூட்டரும் தரவுத்தளமும் பைட்டுகளை ஒப்பிடுவதால் அவற்றுக்குச் சமமில்லை. பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற நிரற்கூறு உடனேயே வருகிறது. அதன் நார்மலைஸ் செயற்கூற்றில் என்எஃப்சி வடிவத்தைக் கேட்டால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகும். தரவுத்தளத்தில் ஏற்கெனவே உள்ள சொற்களை ஒருமுறை இப்படி மாற்றிவிட்டு, இனி வரும் ஒவ்வொரு கோரிக்கையின் சொல்லையும் தேடுவதற்கு முன் மாற்றுங்கள். பதிப்பாசிரியர்கள் சேமிக்கும் இடத்திலும் இது வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகர எழுத்தையும் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 'கௌரவம்' இரு விதமாகவும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். அது வேறு எழுத்து என்பதால் யூனிகோடு அதைத் திருத்தாது, திருத்தவும் கூடாது, ஏனெனில் 'தெளிவு' போன்ற சொற்களில் அதே வரிசை முறையாகவே வருகிறது. ஆகவே இத்தகைய சொற்களுக்கு அகராதியிலேயே மாற்று வடிவமாக ஒரு பதிவு வைப்பதுதான் வழி. பிற ஆவணங்களிலிருந்து நகலெடுத்த சொற்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு, பிரிப்புக் குறியீடுகள் ஒட்டிவருவதும் உண்டு. தமிழுக்கு அவை பெரும்பாலும் தேவையில்லை என்பதால் அவற்றை நீக்கிவிடலாம்.

முகவரியின் வடிவத்தைப் பற்றியும் ஒரு கருத்து. சொல்லையே அடையாளமாக வைத்தால் எழுத்துப்பிழை திருத்தும் ஒவ்வொரு முறையும் பழைய இணைப்பு உடையும். பதிவின் எண்ணை முதலில் வைத்து, சொல்லை அதன் பின் வையுங்கள்: /சொல்/1042/கொடை என்பது போல. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் கேள்விகளுக்கு இந்த அமைப்புதான். எண்ணை வைத்தே பக்கம் எடுக்கப்படுகிறது, பின்னால் வருவது படிப்பவருக்காக. உங்கள் நிரலும் எண்ணை மட்டும் நம்பட்டும். சொல் பகுதி தரவுத்தளத்தில் உள்ளதோடு வேறுபட்டால் சரியான முகவரிக்குத் திருப்பி அனுப்பட்டும். சோதிக்கும் காலத்தில் 302 (தற்காலிகத் திருப்பம்) பயன்படுத்துங்கள், உறுதியான பின் 301 (நிரந்தரத் திருப்பம்) ஆக்குங்கள். 301-ஐ உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் தவறான திருப்பத்தை வெளியிட்டுவிட்டால் பயனர்களின் கணினியிலிருந்து அதைத் திரும்பப் பெறுவது கடினம். தமிழ்ச் சொல்லை முகவரியிலிருந்து அடியோடு நீக்கிவிடும்படி சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முகவரிப் பட்டையில் தமிழைப் பார்த்துப் படிப்பதும் அகராதியின் பணியில் சேர்ந்ததே.

---

சொல்வயல்

என்எஃப்சி மாற்றத்தைச் செய்துவிட்டேன். 'கொடை', 'தொகை', 'கோணம்' எல்லாம் இரு வடிவத்திலும் கிடைக்கின்றன. எண் முன்னால் வரும் அமைப்புக்கு மாறும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நேற்று தேடல் சேவையை மட்டும் மீண்டும் டிப்ளாய் செய்தேன் (ஆப் எஞ்சினில் ஏற்றினேன்). அதன் பிறகு /தொகுப்பு விதி காணாமல் போய், மறுபடியும் முகப்பு வந்தது. டிஸ்பாட்ச் கோப்பை மறுபடி ஏற்றியதும் சரியானது. இது ஏன்?

---

மறுமொழி: மேகத்தச்சன்

மூன்று சேவைகளையும் தனித்தனிக் களஞ்சியத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் டிஸ்பாட்ச்.யாம்ல் ஒன்றை வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சேவையின் ஆப்.யாம்லை ஏற்றுவதால் டிஸ்பாட்ச் விதிகள் மாறுவதில்லை; ஆனால் உங்கள் டிப்ளாய் ஸ்கிரிப்ட் இரண்டு கோப்புகளையும் சேர்த்து ஏற்றியிருக்கும். டிஸ்பாட்ச் விதிகள் ஒரு சேவைக்கு உரியவை அல்ல, முழுச் செயலிக்கும் உரியவை. புதிதாக ஏற்றும் கோப்பு பழைய விதிகளோடு சேராது, அவற்றை முழுமையாக நீக்கிவிட்டுத் தான் அமரும். தேடல் களஞ்சியத்தில் இருந்த பழைய நகலில் /தொகுப்பு விதி இல்லை, அவ்வளவுதான்.

டிஸ்பாட்ச் கோப்பை டிஃபால்ட் சேவையின் களஞ்சியத்தில் மட்டும் வையுங்கள். மற்ற இரண்டிலிருந்தும் அதை நீக்கி, அவற்றின் ஸ்கிரிப்டிலிருந்தும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். கோப்பின் மேலே, எந்த முன்னொட்டு எந்தச் சேவைக்கு, எதற்காக என்று ஒவ்வொரு விதிக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதிவையுங்கள், ஏனெனில் அடுத்து நான்காவது சேவையைச் சேர்க்கப்போகிறவர் அந்தக் கோப்பைத்தான் முதலில் திறப்பார்.

---

சொல்வயல்

ஆம், மூன்று களஞ்சியங்களிலும் மூன்று நகல்கள் இருந்தன. இரண்டை நீக்கிவிட்டு, தேடல் சேவையை இருமுறை டிப்ளாய் செய்து பார்த்தேன். /தொகுப்பு, /தொகுப்பு/ இரண்டும் லாகில் தொகுப்பு சேவையின் பெயரோடுதான் பதிவாகின்றன.